கத்தீங்கோவுக்குப் போர்த்திய கோட்டு

எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களுக்கும் மூன்று வருடத்துக்கு மேல் இடம் கிடையாது. கிரேக்கத் தீவு ஒன்றின் மலைச்சரிவில் தொங்கும் ஊர். பாறை நிறைய, மண் கொஞ்சம். மூன்று வருடம் ஆனதும் குழிவெட்டும் பந்தேலிஸ் வந்து குழியைத் திறப்பான். வீட்டுப் பெண்கள் எலும்பை எடுத்துச் சிவப்பு ஒயினில் கழுவி, வெள்ளைத் துணியில் காயவைத்து, ஒரு பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டி கோயிலுக்குப் பின்னால் இருக்கும் எலும்பறைக்குப் போகும். குழிக்கு அடுத்த ஆள் வருவார்.

எண்பத்தேழாம் வருடம் ஈஸ்டருக்குப் பிறகு என் மாமியார் கத்தீங்கோவின் முறை வந்தது. என் மாமனார் ஸன்னிஸ் அதற்காக மட்டும்தான் உயிரோடு இருந்தார் என்று சொன்னால் மிகை இல்லை. எழுபதைத் தாண்டியிருந்தார். போரில் பாதி நுரையீரல் போனது, மீதியைக் கப்பல் கொதிகலன்கள் தின்றன. படுத்தால் மூச்சு முட்டும் என்று சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். சூப் கொடுத்தால் குடிப்பார், கொடுக்காவிட்டால் கேட்க மாட்டார். ஆனால் ஒன்றை மட்டும் எல்லாரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

"கத்தீங்கோவ நான்தான் கழுவுவேன். காஞ்ச எடத்துல அவள வெச்சுப் பாத்துட்டாப் போதும். அதுக்கப்புறம் என்னைய எப்ப வேணாலும் எடுத்துக்கட்டும்."

பக்கத்து வீட்டு அன்னேஸா வாயில் கையை வைத்தாள். அவள் ஊரில் பாதிப் பேரின் எலும்பைக் கழுவியவள்; எந்த எலும்பு எந்த நிறத்தில் இருந்தது என்பது உட்பட எல்லாம் நினைவிருக்கும். வயதான ஆண்களை 'பார்பா' என்று கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை.

"அது பொம்பளைங்க வேல, பார்பா ஸன்னிஸ். ஆம்பள தொட்டா நல்லாவா இருக்கும்?"

"கப்பல்ல பாய்லர் கழுவியிருக்கேன் அன்னேஸா. உள்ள எறங்கி, முட்டி போட்டு. அதவிடவா இவ எனக்குச் சள்ளையா இருக்கப்போறா?"

"பாய்லரும் பொண்டாட்டியும் ஒண்ணா?"

"ரெண்டுமே என்னைய ஒரு நாளும் சும்மா உக்கார விட்டதில்ல."

அவர் ஜோக் அடித்தால் முகம் மாறாது. அதனால் பாதிப் பேருக்கு அது ஜோக் என்றே தெரியாது.

மாலுமிகளின் ஊர் இது. ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆண் கடலில் இருப்பான், இன்னொருவன் சுவரில் படமாக இருப்பான். ஸன்னிஸ் மட்டும் கடலுக்காக ஏங்கியவர் இல்லை. அவருடைய அப்பாவுக்கு மலைப்படிகளில் எலுமிச்சைத் தோட்டம். அதையே பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். படைக்கு ஆள் எடுத்தபோது ஊர்ப் பெயரைக் கேட்டவுடன் கப்பற்படை என்று எழுதிவிட்டார்கள். தோள் அகலத்தைப் பார்த்துக் கொதிகலன் அறைக்கு அனுப்பினார்கள்.

ஜெர்மன்காரன் ஏதென்ஸுக்குள் வந்தபோது அவருடைய கப்பல் மற்றக் கப்பல்களோடு தப்பி எகிப்தின் அலெக்ஸாண்டிரியாவுக்குப் போனது. அங்கிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் கடலில் அலைந்தார். போரை அவர் பார்த்ததே இல்லை, கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். நீர்மட்டத்துக்குக் கீழே, இரும்புக்குள், இடுப்பில் ஒரு துண்டோடு. மேலே பீரங்கி வெடித்தால் கீழே தண்ணீர்க் குவளை ஆடும். யார் யாரைச் சுட்டார்கள் என்பது ஷிப்ட் முடிந்து மேலே போனால்தான் தெரியும். சில நாள் மேலே போகவே தோன்றாது, அசதி.

கப்பல் மூழ்கிய கதையை அவர் எனக்குச் சொன்னதில்லை. ஒரு நாள் அவரைக் காய் உரிக்கவிட்டுவிட்டு அத்தை கத்தீங்கோதான் சொன்னாள், அவர் காதுபடவே. ஒரு தீவுத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நின்றிருந்தார்களாம். காலை நேரம். காற்று வாங்க மேல்தட்டுக்கு வந்தவர் சுருட்டைப் பற்ற வைப்பதற்குள் ஜெர்மன் விமானங்கள் வந்துவிட்டன. கீழே அவரோடு வேலை பார்த்தவர்களில் ஒருவரும் வரவில்லை. இவர் எண்ணெய் படர்ந்த தண்ணீரில் ஒரு மரப்பலகையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை மிதந்தார். பலகையின் மறுமுனையில் கிரீட் தீவுக்காரன் ஒருவன், கப்பலில் கொடி காட்டிச் சேதி சொல்பவன், மனூசோஸ் என்று பெயர். அவன் சாவதற்குப் பயப்படவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னானாம்: "செத்தாப் பரவால்லடா. ஆனா கொஞ்சம் காஞ்ச எடத்துல சாகணும்." ஒரு கட்டத்தில் சொல்வதை நிறுத்திவிட்டான்.

"பலகைய விட்டானா?" என்று நான் கேட்டேன்.

அத்தை அவரைப் பார்த்தாள். அவர் காயைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் கையப் பலகையோட கட்டியிருந்தேன். விட முடியாது. அவன்தான் இல்ல."

அத்தை உரித்த காயை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அலெக்ஸாண்டிரியாவில் ஆஸ்பத்திரி. உடுத்தியிருந்தது எல்லாம் எண்ணெயோடு போய்விட்டதால் ஆங்கிலேயர்களின் கிடங்கிலிருந்து உடை கொடுத்தார்கள். அதில் ஒரு மழைக்கோட்டு, கறுப்பு, உள்ளும் புறமும் ரப்பர் பூசியது, கழுத்திலிருந்து கணுக்கால் வரை பித்தளைக் கொக்கி. ஆறடிக்கு மேல் வளர்ந்த ஆளுக்குத் தைத்தது. வாளியில் தண்ணீரை ஊற்றினாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது.

இருமிக்கொண்டே எழுந்தவரை அடுத்து முள்வேலிக்குள் போட்டார்கள். எங்கள் கப்பல்களில் மாலுமிகள், நாட்டைவிட்டுத் தப்பி வந்திருந்த எங்கள் அரசாங்கத்தை எதிர்த்துக் குழு சேர்ந்திருந்த நேரம். யார் எந்தப் பக்கம் என்று ஓர் அதிகாரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நீ யார் பக்கம்?"

"நான் படுக்கையில இருந்தேன், சார்."

"கமிட்டிக்காரங்க உன்னப் பாக்க வந்தாங்களா?"

"ஆரஞ்சுப் பழம் கொண்டாந்தாங்க."

ஆரஞ்சு சாப்பிட்டதற்காகப் பாலைவனத்தில் பல மாதங்கள். அதைப் பற்றி மட்டும் அவர் ஒருபோதும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. "மணல்ல நல்லாத் தூங்குனேன்" என்பார். "இருமல்கூட இல்ல. அவ்வளவு காஞ்ச ஊரு."

ஊர் திரும்பியபோது கையில் இருந்தது அந்தக் கோட்டுதான். கத்தீங்கோ காத்திருந்தாள். அவளுக்குக் கப்பல் முதலாளி குடும்பத்தில் மனைவியை இழந்த ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள்; மாட்டேன் என்றுவிட்டாள். போர்க்காலப் பஞ்சத்தில் காட்டுக்கீரை தின்று உயிர் பிழைத்த குடும்பம், பெரிய இடம் கைநழுவிப் போகிறது என்று அவள் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. கல்யாணத்தன்று கோயில் வாசலில் எல்லார் முன்னாலும் கத்தினாள்: "நீ செத்தா இந்த மண்ணு உன்னக் கரைக்காமப் போகட்டும்."

எங்கள் பக்கத்தில் இதைவிடப் பெரிய சாபம் இல்லை. கரையாத உடம்பு பாவம் செய்த உடம்பு. ஆன்மாவுக்கு விடுதலை இல்லை என்று பொருள். சொன்ன வாய்க்கு மறுவருடமே வருத்தம் வந்தது. அந்த அம்மாள் கடைசிக் காலத்தில் கத்தீங்கோ கையால்தான் கஞ்சி குடித்தாள், கத்தீங்கோ மடியில்தான் கண் மூடினாள். ஆனால் ஊர் கஞ்சியை மறந்துவிட்டது, சாபத்தை வைத்துக்கொண்டது.

முள்வேலிக்குள் இருந்தவனுக்குக் கப்பல் வேலைக்கான சான்று தர முடியாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. ஊரே கப்பலேறி மாடி வீடு கட்டியது. போரில் கப்பலோடு மூழ்கியவர் கோவேறு கழுதையோடு எலுமிச்சை இறக்கிக்கொண்டிருந்தார். கழுதைக்கு 'அட்மிரல்' என்று பெயர் வைத்தார். போலீஸ்காரர் வந்து, அது யாரைக் குத்திக்காட்டுகிறது என்று விசாரித்துவிட்டுப் போனார்.

எலுமிச்சை வீட்டை ஓட்டவில்லை. கத்தீங்கோதான் ஓட்டினாள். எங்கள் ஆண்ட்ரோஸ் தீவில் மற்றத் தீவுகள் போலத் தண்ணீர்ப் பஞ்சம் கிடையாது. எந்தப் பாறையைத் தட்டினாலும் ஊற்று. ஊருக்கு மேலே ஊற்றடியில் கல்தொட்டிகள் இருக்கின்றன. அங்கே கேப்டன் வீட்டுப் போர்வை, விரிப்பு, மேசைத்துணி எல்லாம் அவள் கையால் வெளுத்தன. ஜனவரியில் அந்தத் தண்ணீரில் கை வைத்தால் முழங்கை வரை உணர்ச்சி போய்விடும். மழைநாளில் அவருடைய கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு போவாள். குள்ள உருவம், கோட்டு தரையில் இழுபடும். 'கப்பல் வருது, கப்பல் வருது' என்று பிள்ளைகள் கத்துவார்கள். அவளும் ஊதுகுழல் மாதிரி ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் போவாள்.

அறுபதுகளில் யாரோ பழைய கேப்டன் ஒருவர் சொல்லி, மாமனாருக்குத் தீவுக்கும் கரைக்கும் போகும் பயணிகள் படகில் கொதிகலன் வேலை கிடைத்தது. அப்போது நாற்பத்தைந்துக்கு மேல். மறுபடி கீழே இறங்கினார். ஓய்வு பெறும் வரை கீழேயே இருந்தார். என் கணவர் மாத்தியோஸும் சரக்குக் கப்பலுக்குப் போனார். நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அத்தையின் விரல்கள் இஞ்சி மாதிரி வீங்கி மடங்கியிருந்தன. ஸ்பூன் பிடிக்க முடியாது. மழை வந்தால் எலும்புக்குள் அழுவாள். அவளுக்கு மழை பிடிக்காது, அவருக்கும் பிடிக்காது. வெளியே ஒரு தூறல் விழுந்தால் போதும், இரண்டு பேரும் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரியைப் பார்ப்பதுபோல ஜன்னலைப் பார்ப்பார்கள்.

எண்பத்து நாலில், பிப்ரவரியில், நிமோனியா வந்து அவள் போனாள். அந்த வாரம் முழுக்க மழை. பந்தேலிஸ் காலையில் வெட்டிய குழியில் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் தண்ணீர் ஊறிவிட்டது. வாளியால் இறைத்தான், மறுபடி ஊறியது. பாதிரியார் யாக்கோவோஸ் வேகமாக ஜெபத்தை முடித்தார். சவப்பெட்டி இறங்கும்வரை காத்திராமல், ஆளுக்கு ஒரு பிடி மண்ணை அதன் மேல் போட்டுவிட்டு எல்லாரும் கோயில் தாழ்வாரத்துக்கு ஓடினோம். மாமனார் நகரவில்லை.

"மூடியத் தொற" என்றார் பந்தேலிஸிடம்.

"பார்பா, ஆணி அடிக்கப்போறேன்..."

"தொறடா. ஒரு நிமிஷம்."

தான் போட்டிருந்த கோட்டைக் கழற்றி அவளுக்குச் சுற்றினார். கால் பக்கத்தை மடக்கி, கழுத்து வரை கொக்கிகளைப் போட்டு, காலரைத் தூக்கி முகத்தை மூடினார். பந்தேலிஸ் பெட்டியை இறக்கினான். மாமனார் சட்டையோடு நனைந்து தாழ்வாரத்துக்கு வந்தார். "அவளுக்குப் போட்டு விட்டுட்டேன்" என்றார்.

பெண்கள் அழுதார்கள். அன்னேஸாதான் அதிகம் அழுதாள். "புருஷன்னா இப்படி இருக்கணும்" என்று மூன்று வருடமாக ரொட்டிக்கடையில், தபால் ஆபீஸில், எல்லா இடத்திலும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

திறக்கும் நாள் நல்ல வெயில். நான் ஒயின், துணி, பெட்டி, செத்தவர் பெயரில் பகிர்ந்து கொடுக்க அவித்த கோதுமை எல்லாம் எடுத்துப் போனேன். அவருக்கு ஒரு நாற்காலி. மாத்தியோஸ் கப்பலில் இருந்தார். ஏதோ துறைமுகத்திலிருந்து போனில் "அப்பாவ ரொம்ப நேரம் நிக்க விடாத" என்று மட்டும் சொன்னார்.

பந்தேலிஸ் தோண்டத் தோண்ட, அன்னேஸாவும் மற்றப் பெண்களும் ஒப்பாரி சொன்னார்கள். மாமனார் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, பேசினில் ஒயினை ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். பந்தேலிஸின் மண்வெட்டி எதிலோ பட்டு நின்றது. மரம் இல்லை. மரம் மக்கிவிட்டது. அவன் குனிந்து கையால் மண்ணைத் தள்ளினான். கறுப்பு. புதுசு மாதிரி.

காலர் கொக்கி ஒன்றை மட்டும் அவன் கழற்றினான். பார்த்துவிட்டு உடனே மூடினான். மேலே ஏறி வந்து தொப்பியைக் கழற்றினான்.

"சாமியக் கூப்பிடுங்க" என்றான்.

ஒப்பாரி நின்றுவிட்டது. அன்னேஸா சிலுவை போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ மெல்லச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

"கரையல. அவங்கம்மா சொன்னது பலிச்சிருச்சு."

"கல்யாணத்தன்னிக்கு வாசல்ல நின்னு சொன்னாளே. நான் சின்னப் புள்ள. என் காதால கேட்டேன்."

"என்ன பாவம் பண்ணாளோ, யாருக்குத் தெரியும்."

மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. உட்கார்ந்தபடியே பந்தேலிஸைக் கேட்டார்.

"என்னடா?"

பந்தேலிஸ் நல்லவன். சொல்ல வராமல் தொப்பியைத் திருப்பிக்கொண்டிருந்தான். "கோட்டு, பார்பா" என்றான் கடைசியில். "நைலான் சாக்ஸ் போட்டுப் பொதச்சவங்க காலே அப்படியே இருக்கு. இது ரப்பரு. தண்ணி உள்ள போனாத்தானே மண்ணு வேல செய்யும். அன்னிக்கு எனக்குத் தெரியாது. இதுமாதிரி நான் பாத்ததில்ல."

பேசினில் ஒயின் மேல் ஈ உட்கார ஆரம்பித்தது.

பிறகு மாமனார் அன்னேஸா பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. மாடிப்படி ஏறி வந்தவர் மாதிரி மூச்சு வாங்கப் பேசினார்.

"அவ மேல குத்தம் ஒண்ணும் இல்ல, அன்னேஸா. கோட்டப் போட்டது நான்."

"நீங்க நல்லதுக்குத்தான் போட்டீங்க பார்பா. ஆனா கோட்டு பேருக்குத்தான். காரணம் எங்கேருந்து வந்துச்சுன்னு..."

"கிடங்குலேர்ந்து வந்துச்சு. அலெக்ஸாண்டிரியாவுல. இங்கிலீஷ்காரன் குடுத்தான். உங்க யாரோட அம்மாவும் குடுக்கல."

யாரும் சிரிக்கவில்லை. கரையாத உடம்புக்கு என்று ஒரு பாவமன்னிப்பு ஜெபம் இருக்கிறது; பாதிரியார் வந்து, அதைப் படிக்கலாமா என்று தயங்கிக் கேட்டார்.

"படிங்க சாமி. அவளுக்கு அதால ஒண்ணும் கெட்டுறாது. இவங்களுக்குக் கொஞ்சம் மனசு ஆறும்."

படித்தார். அதற்குப் பிறகுதான் உண்மையான கேள்வி. அந்தக் குழியில் அவளை மறுபடி வைக்க முடியாது. ஒரு கேப்டனின் தாயாருக்குப் பேசி வைத்திருந்தார்கள், அந்த அம்மாளும் படுத்த படுக்கை. "மேல் பக்கம் பாறை ஓரமா ஒரு எடம் இருக்கு. நல்லா காஞ்ச எடம்" என்றான் பந்தேலிஸ். "ஆனா கரையறதுக்கு ரொம்ப வருஷமாகும். அஞ்சு, ஆறு..."

"நான் இருப்பேனா?"

பந்தேலிஸ் என்னைப் பார்த்தான். நான் பேசினைப் பார்த்தேன்.

"சீக்கிரம் கரையற எடம் எது?"

"கீழ் மூலைதான். ஆனா அங்க யாரையும் வைக்கிறதில்ல பார்பா. ஊத்து அந்தப் பக்கமாத்தான் போவுது. முட்டியளவு தோண்டினாலே தண்ணி."

கீழ் மூலையில், கடல் ஒதுக்கிய, பெயர் தெரியாத மாலுமிகளைத்தான் புதைப்பார்கள். சிலுவைகூட ஒரே மாதிரி. அன்னேஸாவுக்கே அது பொறுக்கவில்லை. "அனாதைங்க நடுவுலயா? கத்தீங்கோவயா?"

"அங்க இருக்கறவங்கள நான் பாத்திருந்தாலும் பாத்திருப்பேன்" என்றார் மாமனார். "கீழேயே தோண்டு, பந்தேலிஸ்."

நான் குனிந்து அவர் காதருகில் சொன்னேன். "மாமா, அத்தைக்குத் தண்ணி ஆகாதே."

"தெரியும்மா."

நாற்காலியைக் குழிப் பக்கம் நகர்த்தச் சொன்னார்.

கோட்டைக் கத்தியால் வெட்டி எடுத்துவிடலாம் என்றான் பந்தேலிஸ். மாமனார் வேண்டாம் என்று சொல்லி, அவளை மேலே தூக்கி வைத்ததும், இரண்டு பேர் பிடித்துக்கொள்ளக் குழி ஓரத்தில் முட்டி போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னேன். கொக்கிகளைக் கீழிருந்து மேலே ஒவ்வொன்றாக அவரே கழற்றினார். நான் கொண்டுபோயிருந்த வெள்ளைத் துணியில், எலும்பு காய வைப்பதற்கென்று எடுத்துப் போன துணியில், அவளைச் சுற்றினோம். எடை இருந்தது. அதைவிட அதிகமாகச் சொல்ல வேண்டியதில்லை.

கீழ் மூலையில் பந்தேலிஸ் சொன்னபடியே முட்டியளவில் தண்ணீர் ஊறியது. தெளிந்த தண்ணீர், கல்தொட்டிக்கு வரும் அதே ஊற்று. மாமனார் குழியை எட்டிப் பார்த்தார். ஒரு கணம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். தலையை மட்டும் அசைத்தார். இறக்கினார்கள். தண்ணீர் துணிக்குள் ஏறுவது தெரிந்தது. அவர் முகத்தைத் திருப்பவில்லை.

பந்தேலிஸ் கோட்டை மக்கிய பலகைகளோடு சேர்த்து எரித்தான். மாலைவரை ஊர் முழுக்க ரப்பர் நாற்றம். ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதன்பிறகு இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. காப்பிக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பேச்சு தேயும். முதலில் கோட்டைப் பற்றி விளக்கிப் பார்த்தார். ரப்பர், தண்ணீர், மண் என்று, கொதிகலனை விளக்குவதுபோல விளக்கினார். தலையாட்டுவார்கள், அவர் எழுந்து போனதும் சாபத்தைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு விளக்குவதை விட்டுவிட்டார். காப்பியை வீட்டிலேயே போட்டுத் தரச் சொன்னார்.

மழைக்கு மட்டும் அவர் நடத்தை மாறிவிட்டது. தூறல் விழுந்தால் ஜன்னலைத் திறக்கச் சொல்வார். "சளி புடிக்கும் மாமா" என்றால், "பெய்யட்டும்மா, அங்க நல்லாப் பெய்யட்டும்" என்பார். சொல்லிவிட்டு இருமுவார். இருமி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அது இருமலால் வந்த கண்ணீர்தான் என்று நானும் எடுத்துக்கொள்வேன். ஒரு வருடம் மழை பொய்த்தது. அந்தக் கோடையில் நாள் தவறாமல் கீழ் மூலைக்குப் போய்ப் பந்தேலிஸிடம் ஊற்று ஓடுகிறதா என்று கேட்டுவிட்டு வந்தார். போகும் வழி இறக்கம், வரும் வழி ஏற்றம். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்வார்.

"பார்பா, ஊத்து எங்கயும் ஓடிப்போகாது. வீட்லயே இருங்க" என்று பந்தேலிஸ் திட்டினான்.

"கப்பல்ல பாய்லர் தண்ணி கேஜ் பாக்கற வேல பாத்தவன்டா. பாக்காம இருந்தாத் தூக்கம் வராது."

எண்பத்தொன்பதில், செப்டம்பரில், பந்தேலிஸே வீட்டுக்கு வந்து, இனிக் குழியைத் திறக்கலாம் என்று சொன்னான். நாங்கள் யாரையும் கூப்பிடவில்லை. பாதிரியார், பந்தேலிஸ், மாமனார், நான். அன்னேஸா கூப்பிடாமலே வந்தாள். கல்லறைத் தோட்ட வாசலில் நின்று, தன் வீட்டு ஒயின் ஒரு பாட்டிலை என்னிடம் நீட்டினாள். "என்னோடது நல்ல பழசு" என்றாள், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

கரைந்திருந்தது. சுத்தமாக, மெழுகு நிறத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியாக. அந்த நிறம் நல்ல நிறம் என்பது அன்னேஸாவுக்குத் தெரியும். அவள்தான் முதலில் சொன்னாள்.

"எவ்வளவு மஞ்சளா இருக்கு பாருங்க. நல்ல ஆத்மா, பார்பா. நான் எப்பவும் சொல்வேன்ல."

"தண்ணி பண்ண வேல" என்றார் மாமனார். "ஆத்மாவ விடு."

நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு கழுவ ஆரம்பித்தார். பேசினை நான் பிடித்துக்கொண்டேன். முதலில் தலை. நெற்றியில் ஒருமுறை உதட்டை வைத்தார், வழக்கப்படி; அதற்குமேல் எதுவும் செய்யவில்லை. அடுத்துக் கை எலும்புகள். மூட்டெல்லாம் முடிச்சு முடிச்சாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பெருவிரலால் தேய்த்தார். சின்னது ஒன்று நழுவி ஒயினுக்குள் விழுந்தது. தேடினார். அகப்படவில்லை. இன்னொரு முறை தேடினார். அவருக்கு மூச்சு இரைத்தது.

ஒரு கை முடிந்ததும் நிறுத்திவிட்டார். துண்டில் விரல்களைத் துடைத்தார்.

"மிச்சத்த நீ பாத்துக்கோம்மா."

"கொஞ்சம் உக்காந்துட்டுச் செய்யுங்க மாமா. அவசரம் ஒண்ணும் இல்ல."

"இல்லம்மா. போதும். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

மீதியை நானும் அன்னேஸாவும் கழுவினோம். ஒயினுக்குள் விழுந்ததை அன்னேஸாதான் எடுத்தாள். துணியில் பரப்பி வெயிலில் வைத்தோம். நன்றாகக் காயும்வரை அவர் நாற்காலியில் சாய்ந்து, வாயைக் கொஞ்சம் திறந்துவைத்துக்கொண்டு தூங்கினார். இருமவில்லை. எழுப்பியபோது எங்கே இருக்கிறோம் என்று சற்றுப் புரியாமல் பார்த்தார்.

"காஞ்சிருச்சா?"

"காஞ்சிருச்சு மாமா."

தொட்டுப் பார்த்துத்தான் நம்பினார். பெட்டியில் அடுக்கி மூடினேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு நான் எலும்பறைப் பக்கம் முன்னால் நடந்தேன். அவர் அந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். "வெச்சிட்டு வாங்க மாமா, பந்தேலிஸ் கொண்டாருவான்" என்று இரண்டு தடவை சொன்னேன். கேட்கவில்லை. "காஞ்ச எடத்துல அவள வெக்கறத உக்காந்து பாக்கணும்மா" என்றார்.